நின்றுபோன சவாரி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, இடிப்பதா, அப்படியே விடுவதா?

2023 செப்டம்பரில் டிஸ்னி நிறுவனம் தன் பூங்காக்களிலும் கப்பல்களிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் சுமார் 6,000 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. முந்தைய பத்தாண்டுகளில் செலவிட்டதைப் போல இது கிட்டத்தட்ட இரு மடங்கு. அன்று முதல் தீம் பார்க் ரசிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: இத்தனை பணம் வைத்திருக்கும் நிறுவனத்தால் ஒரே ஒரு பனிமனிதனை அசைய வைக்க முடியாதா?

புளோரிடாவிலுள்ள அனிமல் கிங்டம் பூங்காவில் 2006 ஏப்ரலில் திறக்கப்பட்ட 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' ரோலர் கோஸ்டரைப் பற்றிய கேள்வி இது. சுமார் 10 கோடி டாலர் செலவானதாகச் சொல்லப்பட்ட அந்தச் சவாரியின் உச்சக்கட்டம், ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள எட்டி என்னும் பனிமனிதப் பொம்மை. ரயில் இருட்டுக் குகைக்குள் சரியும் வேளையில் அது முன்னே பாய்ந்து, பயணிகளின் தலைக்கு மேல் கையை வீச வேண்டும் என்பது திட்டம். சவாரி திறந்து அதிக காலம் ஆவதற்குள் அந்த அசைவு நின்றது. இன்று அங்கே இருப்பது அசையாத உருவமும், அதன்மேல் விட்டுவிட்டு மின்னும் விளக்கும்தான். ஒளி துண்டு துண்டாக விழுவதால், ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு நொடி உருவம் அசைவதுபோல் தோன்றும். ரசிகர்கள் இதற்கு வைத்த பெயர் 'டிஸ்கோ எட்டி'. 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று நம் பழமொழி கேட்கும். எட்டி பழுதானால்தான் என்ன என்று நிறுவனம் கேட்கிறதோ என்று சில நேரம் தோன்றுகிறது.

இப்படி நின்றுபோன ஒவ்வொரு சவாரியைச் சுற்றியும் ரசிகர்கள் நான்கு கட்சிகளாகப் பிரிகிறார்கள். இருந்தபடியே பழுது பார்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கட்டுமானத்தை வைத்துக்கொண்டு கதையையோ இயந்திரத்தையோ மாற்றலாம் என்பது இன்னொன்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்பது மூன்றாவது. வேறு அவசர வேலை இருக்கும்போது இதைத் தொடாதே என்பது நான்காவது. எந்தப் பக்கம் சாய்வது என்று குழம்புகிறவர்களுக்காக இந்த நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், பழுதோடும் சவாரி ஓடுகிறதா என்பது. முழுவதும் நின்ற சவாரி வரிசையில் நிற்க வேண்டிய கூட்டத்தைப் பிற சவாரிகளின் மீது தள்ளுகிறது; அதன் வலியை நிர்வாகம் அன்றாடம் உணரும். ஒரு காட்சி மட்டும் நின்ற சவாரியில் கூட்டம் குறையாது, ஆகவே வலியும் இராது. எட்டியின் துரதிர்ஷ்டம் இங்கேதான் இருக்கிறது. அது அசையாவிட்டாலும் எவரெஸ்ட்டில் வரிசை நிற்கிறது.

இரண்டாவது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது. ரசிகர்கள் பெரும்பாலும் கவனிக்காதது இது, என் கணிப்பில் மிக முக்கியமானதும் இதுவே. ஒரு பொருளை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு பொதுவாக அந்த ஆண்டின் இயக்கச் செலவாக எழுதப்பட்டு, அந்த ஆண்டின் லாபத்தை நேரடியாகக் குறைக்கும். ஆயுளையோ திறனையோ கூட்டும் செலவு மூலதனமாகக் கருதப்பட்டு, பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பிரித்து எழுதப்படும். முன்பு சொன்ன 6,000 கோடி டாலர் மூலதனப் பணம். 'அதில் ஒரு துளி எட்டிக்கு இல்லையா' என்று கேட்பவர்கள் இரண்டு வேறு பெட்டிகளை ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

மூன்றாவது, வேலை முடியும்வரை எத்தனை காலம் கதவு மூடியிருக்கும் என்பது. நான்காவது, பழைய கட்டுமானம் புதிய வேலையைத் தாங்குமா என்பது. ஐந்தாவது சற்றுச் சங்கடமானது: செலவு செய்ததை விளம்பரப் பலகையில் போட முடியுமா? 'புதியது' என்று எழுதினால் சீட்டு விற்கும். 'சரி செய்துவிட்டோம்' என்று எழுதினால், இதுவரை கெட்டிருந்ததா என்ற கேள்விதான் எழும்.

நடந்தவற்றை ஒரு பட்டியலாகப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

| சவாரி | நின்ற ஆண்டு | எடுத்த வழி | பிறகு |
|---|---|---|---|
| ஜாஸ், யூனிவர்சல் புளோரிடா | 1990 | திருத்தி மறுகட்டுமானம் | 1993-இல் திறப்பு |
| டவர் ஆஃப் டெரர், கலிபோர்னியா | 2017 ஜனவரி | கதை மாற்றம் | 2017 மே மாதம் திறப்பு |
| நீர்மூழ்கிச் சவாரி, டிஸ்னிலேண்ட் | 1998 | கதை, உந்துசக்தி மாற்றம் | 2007-இல் திறப்பு |
| டாப் த்ரில் டிராக்ஸ்டர், சீடர் பாயிண்ட் | 2021 | ஏவுமுறை மாற்றம் | 2024-இல் திறந்து மீண்டும் மூடல், 2025-இல் திறப்பு |
| சன் ஆஃப் பீஸ்ட், கிங்ஸ் ஐலண்ட் | 2009 | இடிப்பு | 2014-இல் அதே இடத்தில் பான்ஷீ |
| ராக்கெட் ராட்ஸ், டிஸ்னிலேண்ட் | 2000 | அப்படியே விடுதல் | பாதை இன்னும் நிற்கிறது |

## இருந்தபடியே பழுது பார்த்தல்

ரசிகர்களின் மனத்துக்கு நெருக்கமான வழி இது. எட்டியை வடிவமைத்த குழுவின் தலைவர் ஜோ ரோட், என்றாவது ஒருநாள் அதைச் சரி செய்தே தீருவேன் என்று 2013-இல் ரசிகர்கள் முன்னிலையில் உறுதி கூறினார். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். 2022-இன் தொடக்கத்தில் சவாரி சில மாதங்கள் பராமரிப்புக்காக மூடப்பட்டுத் திறந்தபோதும் எட்டி அசையவில்லை. மலை, தண்டவாளம், பொம்மை ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டமைப்புகளாக ஒன்றுக்குள் ஒன்று எழுப்பப்பட்டவை. பொம்மையின் தாங்கு அமைப்பில் கை வைக்க வேண்டுமானால் சவாரியை நீண்ட காலம் நிறுத்தி, மலையையே திறக்க வேண்டியிருக்கும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மையானால், நன்றாக ஓடும் ஒரு சவாரியை, பெரும்பாலோர் குறையென்றே உணராத ஒரு காட்சிக்காக மாதக்கணக்கில் மூட வேண்டும். இந்த வழியின் மறைமுகச் செலவு அந்த மூடல்தான். உதிரிபாகங்களின் விலை அதற்குப் பின்னால்தான் வரும்.

ஆனால் பழுது பார்த்து வென்ற கதையும் உண்டு. யூனிவர்சல் ஸ்டூடியோஸ் புளோரிடா 1990 ஜூனில் திறந்தபோது, சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படத்தை ஒட்டிக் கட்டிய அதன் பெருமைக்குரிய படகுச் சவாரி ஓயாமல் பழுதாகி, சில மாதங்களிலேயே மூடப்பட்டது. முதல் வடிவமைப்பில் சுறா படகைக் கவ்விப் பிடித்துத் திருப்பும் ஒரு காட்சி இருந்தது. நீருக்கடியில், ஒவ்வொரு படகுக்கும் ஒருமுறை என நாளெல்லாம் துல்லியமாக நடக்க வேண்டிய இயந்திர வித்தை அது. நிறுவனம் வடிவமைத்தவர்கள்மீது வழக்குத் தொடுத்தது, வேறு குழுக்களைக் கொண்டு சவாரியை மறுபடி கட்டியது, 1993-இல் திறந்தது. புதிய வடிவில் சுறாக்கள் பாய்ந்தன, நெருப்பு எழுந்தது, ஆனால் படகைக் கவ்வித் திருப்பும் காட்சி இல்லை. அந்தச் சவாரி 2012 ஜனவரிவரை ஓடியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எந்த அசைவு இயந்திரத்தைக் கொன்றதோ அந்த அசைவைக் கைவிடத் துணிந்ததால் ஜாஸ் பிழைத்தது. எட்டியைப் பற்றிப் பேசும் ரசிகர்களோ 2006-இல் பார்த்த அந்தக் கைவீச்சு அப்படியே திரும்ப வேண்டும் என்கிறார்கள். அந்தப் பிடிவாதம் இருக்கும்வரை பழுது பார்க்கும் மதிப்பீடு ஏறிக்கொண்டேதான் போகும்.

சவாரி முழுவதும் நின்றிருந்தால், பூங்காவில் அதற்கு மாற்று இல்லாதிருந்தால், பழுதுக்குக் காரணமான பகுதியைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தால், இந்த வழி பொருந்தும். மூன்றும் ஒன்றுசேர்வது அரிது.

## கட்டுமானத்தை வைத்துக்கொண்டு மாற்றுதல்

நிறுவனங்கள் அதிகம் விரும்புவது இதை. காரணத்தைத் தேட வேண்டியதில்லை: செலவு மூலதனமாகிறது, விளம்பரப் பலகையில் 'புதியது' என்று எழுதலாம், கதவு மூடியிருக்கும் காலமும் குறைவு. கலிபோர்னியாவின் டவர் ஆஃப் டெரர் 2017 ஜனவரி 2 அன்று கடைசியாக ஓடியது. அதே கோபுரம், அதே விழும் இயந்திரம், வேறு கதை, வேறு பாட்டு என்று மே 27 அன்று மறுபடி திறந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அது பழுதாகி நின்ற சவாரி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் நல்ல நிலையில் இருந்ததால்தான் அந்த வேகம் கைகூடியது.

டிஸ்னிலேண்டின் நீர்மூழ்கிகள் கதை வேறு. 1959-இல் தொடங்கிய அந்தச் சவாரி 1998-இல் மூடப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் வெறும் குளமாகக் கிடந்தது. பழைய நீர்மூழ்கிகளின் உடலை வைத்துக்கொண்டே டீசலுக்குப் பதில் மின்சாரம், பழைய காட்சிகளுக்குப் பதில் ஒரு மீனின் கதை என்று மாற்றி 2007-இல் திறந்தார்கள். மக்களிடம் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒரு கதை கிடைத்த பிறகுதான் பணம் ஒதுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனையோ நின்றுபோன சவாரிகள் இப்படித்தான், ஒரு நல்ல பொறியாளருக்காக அல்ல, ஒரு வெற்றிப் படத்துக்காகக் காத்திருக்கின்றன.

மரக் கோஸ்டர்களுக்கு இந்த வழி நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. ஒஹாயோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் 1991 முதல் ஓடி 2016-இல் ஓய்ந்த 'மீன் ஸ்ட்ரீக்' (Mean Streak) கோஸ்டரின் மரச் சட்டகத்தின்மேல் எஃகுத் தண்டவாளம் போட்டு, 2018-இல் ஸ்டீல் வெஞ்சென்ஸ் ஆக்கினார்கள். முன்பு உடம்பை உலுக்கி எடுக்கிறது என்று பலர் ஒதுங்கிப்போன கோஸ்டர், இன்று அந்தப் பூங்காவின் மிக நீண்ட வரிசைகளுள் ஒன்றைக் கொண்டிருக்கிறது.

இனி இந்த வழியின் மறைமுகச் செலவு. பழைய கட்டுமானம் தன் பழைய வரம்புகளையும் கூடவே கொண்டுவரும். இதற்கு ராக்கெட் ராட்ஸைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. டிஸ்னிலேண்டில் 1967 முதல் 1995 வரை ஓடிய பீப்பிள்மூவர், நடப்பதைவிடச் சற்றே வேகமாக ஊர்ந்த வண்டி. அதன் உயர்த்திய பாதையை அப்படியே பயன்படுத்தி, 1998-இல் வேக வண்டிகளை விட்டார்கள். ஊர்வதற்காகக் கட்டிய பாதையின் வளைவுகளில் சரிவு கிடையாது. சரிவு கொடுத்துக் கட்டப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஆகவே வண்டி நேர்ப்பாதையில் சீறிப் பாயும், வளைவு வந்ததும் தடை போட்டுத் தவழும், வளைவு தாண்டியதும் மறுபடி சீறும். இப்படி நாளெல்லாம் சீறலும் தடையுமாக ஓடியதில் சக்கரங்கள் தேய்ந்தன, கட்டுப்பாட்டு அமைப்பு திணறியது, சவாரி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் பேசப்பட்டது. 2000 செப்டம்பரில் மூடினார்கள். பாதையைப் புதிதாகப் போடாமல் மிச்சப்படுத்திய பணத்தின் விலை, முழுச் சவாரி.

டாப் த்ரில் டிராக்ஸ்டர் இந்த வழியின் அபாயத்தை இன்னொரு கோணத்தில் காட்டுகிறது. 420 அடி உயரம், மணிக்கு 120 மைல் வேகம் என 2003-இல் வந்த அந்தக் கோஸ்டரிலிருந்து 2021 ஆகஸ்டில் கழன்று விழுந்த ஓர் உலோகத் துண்டு, வரிசையில் நின்ற பெண்ணைக் கடுமையாகக் காயப்படுத்தியது. சவாரி நிறுத்தப்பட்டது. கோபுரத்தை வைத்துக்கொண்டு, ரயிலைத் திரவ அழுத்தத்தால் உந்திவிடும் ஹைட்ராலிக் ஏவுமுறைக்குப் பதில் காந்த ஏவுமுறை, பின்பக்கம் இன்னொரு கோபுரம், புதிய தயாரிப்பாளரின் ரயில்கள் என மாற்றி 2024 மே மாதம் திறந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே ரயில்களில் மாற்றம் தேவை என்று மூடப்பட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஓடவில்லை. 2025-இல்தான் மறுபடி ஓடியது. ஒருவர் கட்டியதன்மேல் இன்னொருவர் கட்டும்போது, இரண்டும் சேரும் இடத்தில் யாருக்கும் முன் அனுபவம் இராது.

## இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுதல்

டிராக்ஸ்டரின் தம்பியான கிங்டா கா, நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சரில் 2005-இல் வந்தது. அதே வகை ஹைட்ராலிக் ஏவுமுறை, 456 அடி உயரம். அண்ணனைத் திருத்தினார்கள், தம்பிக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. 2024 நவம்பர் 10 அன்று கடைசியாக ஓடியது. அது கடைசி நாள் என்று ரசிகர்களுக்குச் சில நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சீடர் பாயிண்ட்டை நடத்திய சீடர் ஃபேர் நிறுவனமும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் 2024 ஜூலையில் இணைந்துவிட்டதால், இரண்டு கோபுரங்களும் அப்போது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் தம்பிக்கும் அதே வைத்தியம் பார்க்கத் தயங்கியிருந்தால் அதைக் குறைசொல்ல முடியவில்லை. முன்கூட்டியே சொல்லி, கடைசியாக ஒருமுறை ஏற விடாததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இந்த வழியின் சாதகம், பழைய வரம்புகள் அனைத்தும் ஒழிந்துவிடுவது. ஒஹாயோவின் கிங்ஸ் ஐலண்டில் 2000-இல் வந்த சன் ஆஃப் பீஸ்ட், 218 அடி உயரமும் நடுவே தலைகீழ் வளையமும் கொண்ட மரக் கோஸ்டர். 2006-இல் மரச் சட்டங்கள் விரிசல்விட்டதால் இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வளையத்தை அகற்றி, இலகுவான ரயில் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். 2009-இல் மறுபடி புகார் எழவே மூடினார்கள். மூன்று ஆண்டுகள் நின்றபின் 2012-இல் இடித்தார்கள். 2014-இல் அங்கே வந்த பான்ஷீ சுமார் 2.4 கோடி டாலர் செலவில் எழுந்து, இன்றும் அந்தப் பூங்காவின் தூண்களில் ஒன்றாக இருக்கிறது. அடிப்படை வடிவமைப்பே தவறாகிவிட்ட ஒன்றுக்கு ஒட்டுப் போடுவதில் கழிந்த ஆண்டுகள்தான் அங்கே வீண்.

மறைமுகச் செலவு இரண்டு. இன்னும் தேய்மானம் எழுதி முடியாத சொத்தை இடித்தால், மீதி மதிப்பு முழுவதும் விரைவாகக் கணக்கில் இழப்பாக இறங்கும். அதைவிடப் பெரியது, இடிப்புக்கும் திறப்புக்கும் இடையே உலகம் மாறிவிடக்கூடும் என்பது. டிஸ்னியின் டிரான் கோஸ்டர் ஷாங்காயில் 2016-இலேயே ஓடிய, சோதித்துப் பார்த்த வடிவமைப்பு. அதையே புளோரிடாவில் கட்டப்போவதாக 2017 ஜூலையில் அறிவித்தார்கள். பெருந்தொற்றும் குறுக்கிட, 2023 ஏப்ரலில்தான் திறந்தார்கள். தெரிந்த ஒன்றுக்கே இவ்வளவு காலம் என்றால், தெரியாத ஒன்றுக்கு ரசிகர்கள் எத்தனை ஆண்டு பொறுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

## அப்படியே விட்டுவிடுதல்

ரசிகர்கள் இதற்கு ஓர் எழுத்துச் சுருக்கமே வைத்திருக்கிறார்கள்: எஸ்.பி.என்.ஓ. நிற்கிறது, ஆனால் ஓடவில்லை என்று பொருள். இதை ஒரு முடிவாக எந்த நிறுவனமும் அறிவிப்பதில்லை. 'தற்காலிகப் பராமரிப்பு' என்ற பலகையோடு தொடங்கும், பலகை பழுப்பேறும், ஒருநாள் வரைபடத்திலிருந்து பெயர் காணாமல் போகும். புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டத்தின் நீர்மூழ்கிச் சவாரி 1994-இல் அப்படித்தான் மூடப்பட்டது. பூங்காவின் நட்டநடுவே அந்தக் குளம் 2004 வரை கிடந்தது. அங்கேயே டிஸ்னி நடத்திய ரிவர் கன்ட்ரி நீர்ப்பூங்கா 2001-இல் பருவம் முடிந்து மூடியபின் திறக்கவேயில்லை. நிரந்தர மூடல் என்ற அறிவிப்பு 2005-இல்தான் வந்தது. அங்கே விடுதி கட்டுவதற்காக 2019-இல் இடித்தார்கள். 2020-இல் அந்த விடுதித் திட்டமும் நின்றது. டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 2007-இல் மூடிய 'வண்டர்ஸ் ஆஃப் லைஃப்' கூடத்துக்குப் புதிய வடிவம் தரப்போவதாக 2019-இல் சொன்னார்கள், அதுவும் நடக்கவில்லை.

ஆயினும் இந்த வழியை முற்றிலும் பழிக்க மாட்டேன். கையில் பணம் இல்லாத ஆண்டில் அவசரமாக ராக்கெட் ராட்ஸ் போன்ற ஒன்றைக் கட்டுவதைவிட, பூட்டி வைத்துக் காத்திருப்பது மேல். டிஸ்னிலேண்டின் நீர்மூழ்கிகளை 1998-இல் உடைத்துப் போட்டிருந்தால் 2007-இல் ஓட்ட ஒன்றும் இருந்திராது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: நின்றது ஒதுக்குப்புறத்தில் இருக்க வேண்டும், முடிவெடுக்க ஒரு கெடு இருக்க வேண்டும். டிஸ்னிலேண்டின் டுமாரோலேண்ட் பகுதியில் நடப்பவர்களின் தலைக்கு மேல் இன்னமும் வளைந்து செல்லும் ராக்கெட் ராட்ஸின் அந்த வெற்றுப் பாதைக்கு இரண்டுமே இல்லை. எதுவும் ஓடாவிட்டாலும், மக்கள் கீழே நடக்கும் கட்டுமானத்தைச் சோதித்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? சும்மா விடுவது செலவில்லாத வழி என்ற எண்ணம் அந்த இடத்தில் நிற்பதில்லை.

## எந்த நிலைக்கு எது

காயமோ விபத்தோ நேர்ந்து, அதன் வேர் வடிவமைப்பில் இருப்பது தெரிந்தால், இடிப்பின் பக்கம் நிற்பேன். அங்கே ஏக்கத்துக்கு இடமில்லை. இயந்திரம் நன்றாக இருந்து கதை மட்டும் பழையதானால் மாற்றம் போதும். கட்டுமானம் உறுதியாக இருந்து இயந்திரம் மட்டும் தோற்றிருந்தாலும் மாற்றமே, ஆனால் புதிய வேகத்தைப் பழைய பாதை தாங்குமா என்ற கேள்விக்கு எழுத்தில் விடை கிடைத்த பிறகே. பணம் இல்லாத ஆண்டில் கெடு வைத்துக் காத்திருக்கலாம்.

எட்டி இவற்றில் எதிலும் சரியாக அடங்கவில்லை. சவாரி ஓடுகிறது, கூட்டம் வருகிறது, ஆபத்து ஒன்றுமில்லை; நிறுவனத்தைப் பொறுத்தவரை அவசரமே கிடையாது. ஆகவே 'பழையபடி சரி செய்' என்ற கோரிக்கை இயக்கச் செலவுப் பெட்டியின் வாசலிலேயே திரும்பி வந்துவிடும். ரசிகர்கள் கேட்க வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: தண்டவாளத்துக்கோ மற்ற பாகங்களுக்கோ சவாரி அடுத்த முறை நீண்ட நாள் மூடப்படும்போது, அதே மூடலுக்குள், அதே மூலதன ஒதுக்கீட்டுக்குள், எடை குறைந்த புதிய எட்டி ஒன்று. பாய வேண்டாம், கையை வீச வேண்டாம். ரயில் கடக்கும் அந்த இரண்டு நொடியில் தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். 2006-இல் ஏறியவர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்பது தெரியும். ஜாஸ் சுறா படகை விட்டபோதும் முதல் கோடையில் ஏறியவர்கள் சிலர் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் அந்தப் படகுகள் அதன்பின் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடின.